எழுத்தென்னுந் தொழில்: அந்தனி திறொலப்பின் வாழ்வு காட்டும் நெறி

புலமையும் கணக்கும் ஒன்றோடொன்று ஒவ்வாதன என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கவிஞன் உள்ளக்கிளர்ச்சி தோன்றும்போது பாடுவான், தோன்றாதபோது வாளாவிருப்பான், பொருளைப் பற்றிப் பேசுதல் அவனுக்கு இழிவு, நாளும் இத்தனை பக்கம் எழுதுவேன் என்பவன் கலைஞனல்லன், கூலியாளன் என்றெல்லாம் கருதுவோர் பலர். எழுத முனையும் மாணவரிடத்தும் இவ்வெண்ணம் வேரூன்றியுள்ளது. இதனால் விளையுந் தீங்கு சிறிதன்று. ஆற்றல் இருந்தும் ஒரு நூலையேனும் முடியாது விட்டோர் எத்துணையர்! இவ்வெண்ணம் எவ்வளவுக்குப் பொருந்தும் என்பதை ஆராய்தற்கு ஆங்கில நாவலாசிரியர் அந்தனி திறொலப்பின் (1815 - 1882) வரலாறு மிகவும் ஏற்றது. நாற்பத்தேழு நாவல்களை எழுதிய அவர், தாம் எழுதிய முறையையும் பெற்ற ஊதியத்தையும் ஒளியாது உரைத்தார். அவ்வாறு உரைத்தமையால் இறந்தபின் இகழ்ச்சியும் எய்தினார்.

எழுத்து ஒரு தொழிலாக அமைந்தமை ஐரோப்பாவிலும் மிகப் பழைய செய்தியன்று. அச்சுப்பொறி பரவுமுன்னர் நூலாசிரியர் அரசரையும் பிரபுக்களையும் திருச்சபையையுமே சார்ந்து வாழ்ந்தனர். அச்சுப் பரவிய பின்னரும் அவர் நிலை உடனே உயரவில்லை. மில்ரன் தமது 'இழந்த சுவர்க்கம்' என்னும் பெருங்காப்பியத்தை 1667இல் அச்சிடக் கொடுத்தபோது கையிற் பெற்றது 5 பவுண். முதற்பதிப்பு விற்றபின் மேலும் 5 பவுண் பெற்றார். நூலின்மீது ஆசிரியனுக்கு உரிமையுண்டு என்பதை இங்கிலாந்திலே சட்டத்தால் முதன்முதல் ஏற்றுக்கொண்டது 1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டமாகும். அது புதிய நூல்களுக்கு 14 ஆண்டு உரிமையும், அக்காலம் முடியும்போது ஆசிரியன் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டு உரிமையும் அளித்தது.

சாமுவேல் யோன்சன் தமது ஆங்கில அகராதியை 1746இல் புத்தக வணிகர் சிலரோடு செய்த ஒப்பந்தத்தின்படி தொடங்கி 1755இல் வெளியிட்டார். நெடுநாள் பாராமுகமாக இருந்துவிட்டு, நூல் முடியுந் தறுவாயில் அதனைப் புகழ்ந்தெழுதிய செஸ்ரபீல்ட் பிரபுவுக்கு அவ்வாண்டு பெப்ருவரி மாதத்தில் அவர் ஒரு கடிதம் வரைந்தார். புரவலரின் காலம் மறைந்து வாசகரின் காலம் பிறந்ததற்கு அக்கடிதத்தை ஓர் அடையாளமாகக் காட்டுவது வழக்கம். ஆயின் புரவலனை விட்டு நீங்கிய எழுத்தாளன் இனி எதனைப் பற்றுக்கோடாகக் கொள்வான் என்னும் வினா எஞ்சி நின்றது. ஒரு நூற்றாண்டின் பின் திறொலப்பின் வாழ்க்கை அவ்வினாவுக்கு ஒரு விடையாக அமைந்தது.

திறொலப் 1815ஆம் ஆண்டு ஏப்ரில் 24ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர்; கல்வியில் வல்லவராயினும் தொழிலிலும் வேளாண்மையிலும் தோல்வியுற்றுக் கடனாளியானார். ஹறோ, வின்செஸ்ரர் என்னும் பெரும் பள்ளிகளிற் பயின்ற மகன், வறுமையின் காரணமாகச் சகமாணவரின் ஏளனத்துக்கு ஆளானான். 1834இற் கடன்காரருக்கு அஞ்சிக் குடும்பத்தினர் பெல்ஜியத்திலுள்ள புறூஜ் நகருக்குச் சென்றனர். அங்கே குடும்பத்தைத் தாங்கியவர் தாயார் பிரான்சிஸ் திறொலப் ஆவார். ஐம்பது வயதுக்கு மேல் எழுதத் தொடங்கிய அவ்வம்மையார், 1832இல் வெளியான அமெரிக்கர் வாழ்க்கை பற்றிய நூலாற் பெயர் பெற்றார். காசநோயால் மகனொருவனும், பிணியாற் கணவரும் மரணப் படுக்கையிற் கிடக்க, ஒரு கையில் மருந்தும் மறுகையில் எழுதுகோலுமாக அவர் நாவல்களை எழுதி முடித்தார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, வீட்டார் விழித்தெழுமுன் அன்றைய எழுத்து வேலையை முடித்துவிடுதல் அவர் வழக்கம். எழுபத்தாறாம் வயது வரை அவர் எழுதிய தொகுதிகள் 114 என மகன் கணக்கிட்டுள்ளார். திறொலப்புக்கு எழுத்தொழுங்கின் முதற்பாடம் அன்னையிடமே கிடைத்தது எனலாம்.

அப்பாடம் உடனே பயன் தந்ததன்று. 1834இல், பத்தொன்பதாம் வயதில், ஆண்டுக்கு 90 பவுண் சம்பளத்தில் அவர் இலண்டன் தபாற்றலைமையகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். ஏழாண்டுகள் கடனிலும் சோம்பலிலும் கழிந்தன. வேலைக்குப் பிந்தி வருபவர் என்ற பெயரே மிஞ்சியது. 1841இல் அயர்லாந்துக்கு மாற்றம் பெற்றபின்னரே அவர் வாழ்வு திரும்பியது. அங்கே தபால் வழிகளைப் பார்வையிடக் குதிரைமீது நாடெங்குந் திரிந்தார். திறமையான உத்தியோகத்தரெனப் பெயர் பெற்றார். 1844இல் றோஸ் ஹெசல்ரைன் என்பாரை மணந்தார். இன்று உலகெங்குந் தெருவோரங்களிற் காணப்படும் தூண்வடிவத் தபாற்பெட்டி, அவர் விதப்புரையினாலேயே 1852இற் கால்வாய்த் தீவுகளில் அறிமுகமாயிற்று. எழுத்தாளராகப் புகழ்பெற்ற காலத்தும் அவர் தபாற் சேவையைக் கைவிடவில்லை. 1834 முதல் 1867 வரை முப்பத்துமூன்று ஆண்டுகள் அவ்வுத்தியோகத்தில் இருந்தே எழுதினார்.

முதல் நாவல் 1847இல் வெளியாயிற்று, வருவாய் ஒன்றுமில்லை. இரண்டாவது 1848இல் வெளியாயிற்று. அதில் 375 பிரதிகள் அச்சிடப்பட்டன. 140 மட்டுமே விலைப்பட்டன. ஏறத்தாழ 63 பவுண் நட்டமெனக் கணக்கனுப்பிய வெளியீட்டாளர், இனி அவர் நாவல்களை ஏற்பதற்கில்லையெனவுங் குறிப்பிட்டார். 1850இல் வெளிவந்த மூன்றாவதுக்கு 20 பவுண் கிடைத்தது. அதுவும் முன்பணமேயன்றி விற்பனையால் வந்ததன்று. 'வோடன்' என்னும் நாலாம் நாவல் 1855இல் வெளிவந்தபோதுதான் எழுத்தினால் உண்மையாக ஈட்டிய முதற்பணம் என அவர் கருதிய தொகை வந்து சேர்ந்தது. அது 9 பவுண் 8 ஷில்லிங் 8 பென்ஸ். அப்பொழுது அவருக்கு வயது நாற்பது. வேறொருவர் இந்நிலையில் எழுதுகோலைக் கீழே வைத்திருப்பர். உத்தியோக ஊதியம் இருந்தமையால் அவர் பட்டினியை அஞ்சவேண்டியிருக்கவில்லை. எழுதுவதும் அவருக்கு அன்றாடக் கடமையாகி வந்தது. இவ்விரண்டுமே அவரைக் காத்தன.

அவர் கைக்கொண்ட பழக்கங்களை ஈண்டு நோக்குவோம். தபால் வேலையின் பொருட்டு நாளின் பெரும்பகுதியைப் புகைவண்டியிற் கழிக்க நேர்ந்தபோது, அந்நேரத்தை வீணாக்காது, மடியில் வைத்தெழுதுதற்கேற்ற சிறு பலகையொன்றைச் செய்வித்துக் கொண்டார். 1857இல் வெளியான 'பார்செஸ்ரர் கோபுரங்கள்' என்னும் புகழ்பெற்ற நாவலின் பெரும்பகுதி, பிரயாணிகள் பார்த்திருக்கப் புகைவண்டியிலே பென்சிலால் எழுதப்பட்டது. மனைவியார் அதனைப் பின்னர் மையாற் படியெடுத்தார். 1858இற் தபால் உடன்படிக்கையின் பொருட்டு எகிப்துக்குச் சென்றபோது கடற்பிணியால் வருந்தினார். மேசையிற் காகிதத்தை விட்டுவிட்டு அறைக்குள் ஓடி, மீண்டும் வந்தமர்ந்து 'டொக்டர் தோண்' என்னும் நாவலைத் தொடர்ந்தார். அதனை முடித்த மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கினார்.

1859இல் இலண்டனுக்கு அணித்தான வால்தம் குறொஸ் என்னும் ஊரிற் குடியேறியபின் இவ்வொழுங்கு முழுமை பெற்றது. குதிரைகளைப் பராமரித்த முதிய பணியாளனுக்கு ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்து, காலை ஐந்தரை மணிக்கு எழுத அமர்வதற்கேற்பக் கோப்பியோடு தம்மை எழுப்பும்படி ஏற்பாடு செய்தார். அப்பணியாளன் ஒருநாளேனும் தவறினானல்லன். தம் வெற்றிக்கு வேறெவரினும் அவனுக்கே அதிகமாகக் கடமைப்பட்டிருக்கலாமெனத் திறொலப் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். ஐந்தரை முதல் எட்டரை வரை மூன்று மணித்தியாலம் எழுத்துக்குரியது. முதலரை மணித்தியாலம் முதல்நாள் எழுதியதை வாய்விட்டு வாசித்துத் திருத்துவார். அதனால் விட்ட இடத்தின் ஓசையும் உணர்வும் மீண்டுங் கைகூடும். எஞ்சிய இரண்டரை மணித்தியாலமும் மணிக்கூட்டை முன்னே வைத்துக்கொண்டு கால் மணித்தியாலத்துக்கு 250 சொல்லாக எழுதுவார். இவ்வாறு எழுதினால் ஒருநாட் காலைக்குள் 2500 சொற்கள் நிறைவுறும். காலையுணவுக்கு முன் நாவலாசிரியராக இருந்தவர், அதன்பின் தபாலுத்தியோகத்தராகிவிடுவார்.

இதனோடு ஒரு நாட்குறிப்பும் வைத்திருந்தார். ஒரு நாவலைத் தொடங்கும்போது எத்தனை கிழமையில் அதனை முடிக்கவேண்டுமெனக் கணித்து, நாள்தோறும் எழுதிய பக்கங்களை அதிற் பதிவார். ஒரு பக்கத்துக்கு 250 சொற்கள். கிழமைக்குச் சராசரி 40 பக்கம்; குறைந்தது 20; ஒருமுறை 112 வரைக்கும் ஏறியதுண்டு. நோயாலோ சோம்பலாலோ வெறுமையாகக் கழிந்த நாள்களும் அதிலே வெறுமையாகவே நின்று கண்ணை உறுத்தின. இந்நாட்குறிப்பை வெறும் வணிகக் கணக்கெனக் கொள்ளுதல் தவறு. மேலதிகாரியோ ஆசிரியரோ இல்லாது தனித்திருந்து செய்யப்படுந் தொழில் எழுத்து. அதனைச் செய்பவன் தன்னைத்தானே கண்காணிக்க வேண்டும். அக்கண்காணிப்புக்கு ஞாபகம் போதாது, பதிவு வேண்டும். அடிமேல் அடியடித்தால் அம்மியும் நகரும் என்னும் நம் முன்னோர் வாக்கு இந்நாட்குறிப்பிலே கண்கூடாகின்றது.

கற்பனையை மணிக்கூட்டினால் வரவழைத்தல் இயலுமோ என வினவலாம். இயலாதென்பதைத் திறொலப் அறிந்திருந்தார். கதைமாந்தரோடு இடையறாது வாழ்தல் நாவலாசிரியன் கடன் என்பது அவர் கொள்கை. உறங்கப்போகும்போதும் எழும்போதும் அவர்கள் உடனிருக்க வேண்டும். ஆண்டுகள் செல்ல அவர்களும் மூப்படைதல் வேண்டும். ஆகவே காலை மூன்று மணித்தியாலம் அறுவடைக்குரிய காலமே. உழவும் விதைப்பும் குதிரைச் சவாரியிலும் நடையிலும் நிகழ்ந்தன. சிந்தனை முன்னரே முதிர்ந்திருந்தமையினாலேயே எழுத்து விரைந்தோடிற்று. மேசையில் அமர்ந்தபின் எழுதுகோலைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்திருத்தலை அவர் தமக்குத் தாமே விலக்கிக்கொண்டார்.

இனி அவர் தொழிலறிவைக் காண்போம். அக்காலத்து நாவல்கள் பெரும்பாலும் மூன்று தொகுதிகளாக, 31 ஷில்லிங் 6 பென்ஸ் என்னும் பெருவிலையில் வெளிவந்தன. அவற்றை மக்கள் வாங்காது, சந்தா நூலகங்களிலிருந்து பெற்றுப் படித்தனர். தொடக்கத்திற் திறொலப் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் 'அரைப்பங்கு இலாபம்' என்னும் முறையின. செலவு நீங்கிய பின் எஞ்சும் இலாபத்தை வெளியீட்டாளரும் ஆசிரியரும் பகிர்ந்துகொள்வர். செலவுக் கணக்கோ வெளியீட்டாளர் கையிலிருக்கும். இலாபமில்லையெனின் ஆசிரியனுக்கு ஒன்றுமில்லை. இதனை அநுபவத்தால் அறிந்த அவர், பிற்காலத்தில் நூலுக்கு ஒரே தொகையாக விலைபேசுதலை விரும்பினார். 'பார்செஸ்ரர் கோபுரங்கள்' மூன்று தொகுதியினின்று இரண்டாகக் குறைக்கப்படவேண்டும் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. 100 பவுண் முன்பணம் பெற்றார். தம் நிறுவனத்தின் பெயரே ஆசிரியனுக்கு ஊதியத்தினும் பெரிதென அவ்வெளியீட்டாளர் உணர்த்தியபோது, அடுத்த நாவலை வேறொருவரிடம் 250 பவுணுக்கு விற்றார். 'டொக்டர் தோண்' 400 பவுண் பெற்றது. தாக்கரே ஆசிரியராக இருந்த 'கோண்ஹில்' என்னும் புதிய சஞ்சிகையில் 1860இல் தொடங்கிய 'பிறேம்லி பாசனேஜ்' 1000 பவுண் பெற்றது. எழுத்தால் ஈட்டியதாக அவர் சுயசரிதையிற் கணக்கிட்ட மொத்தத் தொகை 68,939 பவுணுக்குச் சற்று மேற்பட்டது.

தொழிலறிவென்பது விலைபேசுதல் மாத்திரமன்று. வாக்குத் தவறாமை அதன் மறுபாதி. ஒப்புக்கொண்ட நாளில், ஒப்புக்கொண்ட அளவில் நூலைக் கொடுத்தார். நாவல் முழுதும் எழுதி முடியுமுன் அதன் முதற்பகுதியை அச்சேற்றலாகாதென்பது அவர் விதி. 'பிறேம்லி பாசனேஜ்' அவ்விதிக்கு விலக்காக அமைந்தது. தாக்கரே 1863இலும், கஸ்கெல் அம்மையார் 1865இலும், டிக்கன்ஸ் 1870இலும் முடியாத நாவல்களை விட்டு இறந்தனர். விதியின் விளையாட்டென்றே கூறவேண்டும்: திறொலப்பும் 1882 டிசம்பர் 6ஆந் திகதி இறந்தபோது, ஒரு நாவல் முடிவுறாமலே தொடராக வெளிவந்து கொண்டிருந்தது.

தம் பெயர் தமக்குத் தந்த நன்மையையும் அவர் ஐயத்தோடு ஆராய்ந்தார். நூலின் தரத்தாலன்றிப் பெயரின் பலத்தாலேயே தம் நாவல்கள் விலைப்படுகின்றனவோ என்பதை அறிதற்கு, 1866, 1868 ஆகிய ஆண்டுகளுக்கிடையில் இரு நாவல்களைப் பெயர் குறியாது வெளியிட்டார். திறனாய்வாளரொருவர் நடையை வைத்தே ஆசிரியரைக் கண்டுகொண்டார். ஆயினும் நூல்கள் நன்கு விலைப்படவில்லை. புகழுற்ற எழுத்தாளர் தம்மையே இவ்வாறு சோதனைக்குட்படுத்தியமை அரிது. பிற எழுத்தாளரின் நலத்தையும் அவர் மறந்தாரல்லர். ஆங்கில நூல்களை அமெரிக்க வெளியீட்டாளர் ஆசிரியருக்கு ஊதியமின்றி அச்சிட்ட அக்காலத்தில், 1868இல் வாஷிங்ரன் சென்றபோது சருவதேசப் பதிப்புரிமைக்காகவும் முயன்றார். பதிப்புரிமை பற்றி ஆராய 1876இற் செயற்பட்ட அரச ஆணைக்குழுவிலும் உறுப்பினராயிருந்தார். அமெரிக்கச் சட்டம் பிறநாட்டாசிரியரின் உரிமையை ஏற்றது 1891இலேயே. அதனைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை.

1875ஆம் ஆண்டிற் திறொலப் நம் நாட்டுக்கும் வந்தார். அவுஸ்திரேலியாவிலிருந்த மகனைக் காணச் செல்லும் வழியில் இலங்கையிற் தங்கினார். அப்பொழுது இங்கே தேசாதிபதியாயிருந்த வில்லியம் கிறெகரி, ஹறோ பள்ளியில் அவரோடு பயின்றவர். அயர்லாந்திலும் அவருக்கு நண்பரானவர். அப்பிரயாணத்திற் கண்டவற்றை லிவர்ப்பூல் பத்திரிகையொன்றுக்குக் கடிதங்களாக எழுதி வந்தார். அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்கா வழியாக அவர் மீண்டபோது, அதே கப்பலில் இளம் எழுத்தாளராகிய ஹென்றி ஜேம்ஸ் பிரயாணஞ் செய்தார். கடல் கொந்தளித்த அப்பிரயாணத்திலும் திறொலப் காலைதோறும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எழுதியதைக் கண்ட ஜேம்ஸ், பிற்காலத்தில் அதனை வியப்போடு பதிவு செய்தார்.

1875, 1876 ஆகிய ஆண்டுகளில் எழுதிய சுயசரிதையைத் தாம் இறந்தபின் வெளியிடுமாறு திறொலப் மகனிடம் ஒப்படைத்தார். அது 1883இல் வெளியாயிற்று. நூல்வாரியாகப் பவுண், ஷில்லிங், பென்ஸ் என ஊதியப் பட்டியலும், மணிக்கூடு பார்த்தெழுதிய செய்தியும் அதிலிருந்தன. கலை கலைக்காகவே என்னுங் கொள்கை ஓங்கி வந்த காலம் அது. செருப்புத் தைப்பவனோடு நாவலாசிரியனை ஒப்பிட்ட நூலைப் பலர் முகஞ்சுளித்து நோக்கினர். அவர் புகழ் தாழ்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டாயினும், இச்சுயசரிதையும் ஒரு காரணமெனப் பொதுவாகக் கூறுவர். ஆயினும் 1927இல் மைக்கேல் சட்லியர் எழுதிய ஆய்வுநூல் அவர்பால் அறிஞர் கவனத்தைத் திருப்பிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆங்கில மக்கள் அவர் நாவல்களை விரும்பிப் படித்தனர். 1993இல் வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்தின் புலவர் மூலையில் அவருக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது.

இங்கே நடுநிலையோடு ஒன்று கூறல்வேண்டும். நாற்பத்தேழு நாவல்களும் ஒரே தரத்தனவல்ல. விரைவினாற் கூறியது கூறலும், தளர்ந்த அமைப்பும் சிலவற்றிற் காணப்படுகின்றன. ஒழுங்கு மேதையைப் படைக்கும் என்பது இவ்வரலாற்றின் முடிபன்று. ஒழுங்கில்லையேல், உள்ள ஆற்றலும் நூலாக வெளிப்படாது என்பதே முடிபு. மணிக்கூட்டைப் பார்த்து எழுதியவற்றுள்ளே பார்செஸ்ரர் வரிசையும் அடங்கும் என்பதை அவரை இகழ்ந்தோர் மறந்தனர்.

தமிழுலகிலும் அந்நூற்றாண்டிலே இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. நம் புலவர் வள்ளல்களையும் அரசவைகளையும் பின்னர் மடங்களையுஞ் சார்ந்து வாழ்ந்தனர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822 - 1879) 1849இற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாடநூல், பதிப்பு, உரைநடை, கண்டனம் என அவர் செய்த பணியின் பரப்பு, இடையறாத ஒழுங்கின்றிக் கைகூடியிருக்க முடியாது. நாவலர் நோக்கம் சமயமும் கல்வியுமாம். திறொலப்பின் நோக்கம் வேறு. ஆயினும் எழுதுவதோடு அமையாது, எழுத்து அச்சேறி வாசகனை அடையும் வழி முழுவதையும் அறிந்திருத்தல் இருவருக்கும் பொதுவாயிற்று. 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் முதற் தமிழ் நாவலை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளையும் முன்சீப்பாகப் பணியாற்றியவர். உத்தியோகமும் எழுத்தும் ஒருவர்பால் ஒருங்கமைதல் கூடும் என்பதற்கு அவரும் சான்றாவர்.

இவற்றினின்று இளம் எழுத்தாளர் கொள்ளத்தக்கன சில. நாளில் ஒரு குறித்த நேரத்தை எழுத்துக்கென ஒதுக்குக; அது அரை மணித்தியாலமாயினும் மாறாதிருத்தல் வேண்டும். எழுதியதைப் பதிந்து வைக்குக. முதல்நாள் எழுதியதை மறுநாள் வாய்விட்டு வாசித்துத் திருத்துக. எழுத்தால் வாழ்வு நடத்தலாமென நம்பி வேறு தொழிலை இளமையிற் கைவிடற்க. கையொப்பமிடும் ஒப்பந்தத்தை முழுதும் வாசிக்குக. கொடுத்த தவணையைக் காக்குக. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நூலின் பொருளாதார உரிமை ஆசிரியனின் வாழ்நாளிலும் அவன் மறைந்தபின் 70 ஆண்டுகளுக்கும் பாதுகாக்கப்படுகின்றது. அதற்குப் பதிவு வேண்டியதில்லை. இவ்வுரிமையை அறியாது சிறுதொகைக்கு எழுத்தைக் கைவிடுதலும், பிறர் எழுத்தை அநுமதியின்றி எடுத்தாளுதலும் ஒரே அறியாமையின் இரு பக்கங்கள்.

கல்லூரிச் சஞ்சிகை மாணவனொருவனின் எழுத்து முதன்முதல் அச்சேறும் இடமாகும். குறித்த நாளுக்குட் கட்டுரையை ஒப்படைத்தலும், அச்சுப்படியைப் பொறுமையோடு திருத்துதலும் ஈங்கே பழகவேண்டியவை. பெரும் நாவல்களை எழுதப்போகின்றவர்க்கும் அவையே தொடக்கம். தபாற் கந்தோரிற் பிந்தி வரும் எழுதுவினைஞராயிருந்த ஒருவர், விடியலில் எழுந்து இங்கிலாந்தின் மத்தியவர்க்க வாழ்க்கை முழுவதையும் தம் நாவல்களிற் பதித்துச் சென்றார் எனின், அவ்வழி நம் மாணவருக்கும் அடைபட்டதன்று.